பீச்சாங்கைத் தேய்மானம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாண்டு எழுதறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல அம்மாவ இப்ப மடிக்கிற மேசைக்கு மாத்திட்டாங்க. உக்காந்தே வேலை, அதனால முழங்கால் வலி கொஞ்சம் தேவல. நீ எப்படி இருக்க? ஒழுங்கா தூங்கறியா? கேஸ் டேங்க் பக்கத்துல பொறி பறக்கக் கூடாதுன்னு கேட்லயே போன வாங்கி வெச்சுக்கறாங்கன்னு நீ சொன்னப்ப நான் நம்பல. நெட் இல்லாம ஒரு மனுஷன் எப்படிண்ணா உயிரோட இருக்கான்? பேனா புடிச்சு எனக்கு விரலே வலிக்குது. பேஸ் கிட்டார் வாசிச்சு காச்சுப் போன விரலு, அதுவே வலிக்குதுன்னா பாத்துக்கோ.

சரி. உக்காந்து படி.

அப்பாவோட பேஸ் கிட்டார் கெடச்சிடுச்சு!!!

கெடச்சிடுச்சுன்னா கையில இல்ல, கண்ணுல. அப்பா வாசிச்ச ட்ரூப்போட மாஸ்டர் இப்ப பழைய வாத்தியம் விக்கறதுக்குன்னு ஒரு வீடியோ சேனல் ஆரம்பிச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை சும்மா ஸ்க்ரோல் பண்ணிட்டே இருக்கேன், திடீர்னு அந்த மங்கின சிவப்பு. போன் கீழ விழுந்துடுச்சு (ஸ்க்ரீனுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா என்ன, கடையில மாத்தறது நான்தானே). பின்பக்க இரும்புப் பட்டையில இருக்கிற நம்பர க்ளோஸ்-அப்ல காட்டறாரு. அப்பா தன் போனுக்கு பாஸ்வேர்டா வெச்சிருந்த அதே நம்பர். எனக்கு அது என் பேர விட நல்லா ஞாபகம் இருக்கு.

அண்ணா, அது என்ன சாமான்னு உனக்குத் தெரியுமா? ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பெயிண்ட் ஒரிஜினல், பிக்கப் ஒரிஜினல், சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற நாப் கூட ஒரிஜினல். கழுத்தக் கழட்டினா உள்ள செஞ்சவரு பென்சில்ல போட்ட தேதி அப்படியே இருக்கு! நெட்ல எங்க பேஸ் குழுவுல ஆளுங்க மூச்சு விடாம கமெண்ட் போடறாங்க.

வயிறு எரியற விஷயம் இனிமேதான். "இது என் நாப்பது வருஷத் தோழன். ட்ரூப்போட அஞ்சு கேசட்லயும் நீங்க கேட்ட பேஸ் நான் வாசிச்சதுதான்"னு கண்ண மூடிக்கிட்டு சொல்றாரு. கீழ நூத்துக்கணக்குல ஹார்ட்டு. ஜூலை கடைசியில ஆன்லைன் ஏலமாம்.

அப்பா செத்த அடுத்த வாரமே "பேஸ் ட்ரூப் சொத்து"ன்னு அவரு எடுத்துக்கிட்டது போதாதா? வாசிச்சதையும் எடுத்துக்குவாரா? எனக்கு ரெண்டு வேணும். அந்த பேஸ் நம்ம வீட்டுக்கு வரணும். வாசிச்சது அப்பான்னு அந்த ஆளு வாயாலயே சொல்லணும், அவரு கூனிக் குறுகி நிக்கறத நான் கண்ணால பாக்கணும்.

அதுக்கு நீ ஒரு உதவி பண்ணு. ரிகர்சல் ரூமுக்கு தினம் அப்பா கூட போனது நீதான். ட்ரூப்ல மத்தவங்கள்ல ஒருத்தர் போய்ச் சேந்துட்டாரு, இன்னொருத்தர் மாஸ்டர் கடையிலயே வேலை பாக்கறாரு. அம்மா சொன்னா பொண்டாட்டி பேச்சும்பாங்க. "வாசிச்சது எங்க அப்பாதான், என் கண்ணால பாத்தேன்"னு ஒரு பக்கம் எழுதி கையெழுத்து போட்டு அனுப்பு. மீதிய நான் பாத்துக்கறேன்.

சீக்கிரம் எழுது. நல்லா சாப்பிடு.

உன் வாண்டு


பிப்ரவரி 26

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பதறிந்து மகிழ்ச்சி. கடிதம் என்றால் எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது, சிரிக்காதே.

வேலை வழக்கம் போல. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை முப்பத்தாறு வால்வுகளின் அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கக் காற்று. என் அறைத் தோழர் இரண்டு வேகத்தில் குறட்டை விடுவார். வேகம் மாறும் இடத்தில் எனக்கு விழிப்பு வந்துவிடும். சரக்கு லாரி பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது. அதில்தான் தபாலும் வரும்.

நீ எழுதிய விஷயம். அதை விட்டுவிடு என்பதுதான் என் அபிப்பிராயம். அந்த பேஸ் மாஸ்டரிடம் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. அவர் வயதானவர், ஏதோ பெருமைக்குச் சொல்லிக்கொள்கிறார். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவருடைய சகலைதான் என்பதை மறக்காதே. செல்போன் ரிப்பேர் வேலையில் நீ நன்றாக முன்னுக்கு வருவதாக அம்மா எழுதியிருந்தாள். அதில் கவனம் வை.

அம்மாவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் தடவிவிடு.

அன்புடன்,
அண்ணா


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியான்னு எனக்கு சந்தேகம். "பெருமைக்குச் சொல்லிக்கொள்கிறார்"! யாரு பெருமைய? கையெழுத்து கேட்டேன், கருத்து அனுப்பியிருக்க.

சரி, இத கேளு. இத கண்டுபிடிச்சதுல ரெண்டு நாள் நான் தரையில நடக்கல.

அந்த வீடியோவ ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்திப் பாத்தேன். ஒரு இடத்துல மாஸ்டர் பேஸ்ல ஒரு ஓரத்தக் காட்டறாரு. பெயிண்ட் தேஞ்சு வெறும் மரம் தெரியற இடம், உள்ளங்கை அகலம். "இது என் கை தேச்சுத் தேச்சு வந்த தேய்மானம், என் வேர்வை"ன்னு சொல்றாரு. பழைய வாத்தியம் சேக்கறவங்களுக்கு தேய்மானம்னா உசுரு, அதனால அந்த இடத்துக்கு பெயிண்ட் கூட அடிக்காம பத்திரமா வெச்சிருக்காரு.

ஆனா அண்ணா, தேய்மானம் நாப் இருக்கிற பக்கத்து ஓரத்துல இருக்கு!

புரியலயா? ஒரு சோத்தாங்கைக்காரன் பேஸ மாட்டினா அவன் கை மேல் ஓரத்து மேல வரும். அங்கதான் தேயும். நாப் இருக்கிற ஓரம் கீழ, தொடை கிட்ட இருக்கும். மாஸ்டர் கை அங்க தேய்க்கணும்னா அவருக்கு கை முழங்கால்ல இருந்து மொளச்சிருக்கணும்.

அந்த ஓரம் எப்ப மேல வரும்? பேஸ தலைகீழா திருப்பி மாட்டினா. யாரு அப்படி மாட்டுவாங்க? சோத்தாங்கைக்குன்னு செஞ்ச பேஸ வாங்கி அத கவுத்துப் போட்டு வாசிக்கிற ஒரு பீச்சாங்கைக்காரர். ட்ரூப்ல அப்பாவ எல்லாரும் என்னன்னு கூப்பிட்டாங்க? "ஏ பீச்சாங்கை!"

போட்டோல மத்த கிட்டார் எல்லாம் ஒரு பக்கம் சாயும், உன்னுது மட்டும் எதிர்ப்பக்கம் சாஞ்சு கண்ணக் குத்துதுன்னு சொல்லி அப்பாவ ஸ்பீக்கருக்குப் பின்னாடி நிக்க வெச்சவரு மாஸ்டர். கேசட் அட்டையில பேஸ மாட்டிக்கிட்டு போஸ் குடுத்ததும் அவருதான். ஒரு போட்டோல கூட அப்பா இல்ல. ஆனா அந்த பெயிண்ட்ல இருக்காரு பாத்தியா? கண்டபடி தேச்சு கையெழுத்து போட்டுட்டுப் போயிருக்காரு.

ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னாடி இத அப்படியே குழுவுல போடப் போறேன். அதுக்கு முன்னாடி நேர்ல பாக்கணும், ரசிகை மாதிரி நடிச்சு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். நீ எழுதித் தந்தா இன்னும் பலம். ஒரு பக்கம் வேணாம், ரெண்டே வரி போதும்.

அம்மாவுக்கு எண்ணெய் தினமும் தடவறேன். நீ யாரையாவது விட்டு உன் மூளைக்கு தடவிக்கோ.

வாண்டு


ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதம் சென்ற லாரியிலேயே வந்தது. பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை; ஒரு பம்பு பழுதாகி எல்லோருக்கும் கூடுதல் வேலை. அம்மாவுக்கு வலி எப்படி இருக்கிறது? மழைத் தண்ணீர் இன்னும் சமையலறைச் சுவரில் ஒழுகுகிறதா?

நீ மாஸ்டரை நேரில் பார்க்கப் போக வேண்டாம். சொல்கிறேன், கேள். உனக்கு நல்ல பேஸ் வேண்டும், அவ்வளவுதானே? ஒப்பந்தம் முடிந்து வரும்போது நானே ஒன்று வாங்கித் தருகிறேன். புதியது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது இப்போது கிடைக்கிறதாமே. நிறத்தை நீயே தேர்ந்தெடு.

போகாதே.

அன்புடன்,
அண்ணா


ஏப்ரல் 20

அண்ணா,

நாங்க நல்லா இருக்கோம். உன் லெட்டர் வர்றதுக்குள்ள நான் போயிட்டு வந்துட்டேன்.

கடை, திரைத்துணி விக்கிற ஒரு கடைக்கு மேல மூணாவது மாடி. உள்ள ஏசி, கண்ணாடிப் பெட்டி, சுவர் பூரா மாஸ்டர் போட்டோ. ஆளு முடிக்கு மை போட்டு மை காதுக்கும் இறங்கியிருக்கு. எல்லாரையும் "கண்ணு"தான். அவருக்கு என்னை அடையாளம் தெரியல. பதிமூணு வயசுல பாத்தது, தெரியாது.

"வாட்சக் கழட்டு கண்ணு, பெல்ட் பக்கிள் இருக்கா? கீறல் பட்டா என் நெஞ்சுல பட்ட மாதிரி"ன்னு சொல்லிட்டு பேஸ மெதுவா என் மடியில வெச்சாரு. அண்ணா, அந்த வாசனை! பழைய மரம், இரும்பு, அப்பாவோட சட்டை. நடிச்சேன். "மாஸ்டர், இந்தத் தேய்மானம் எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"உழைப்பு கண்ணு. கை உழைப்பு."

"ஒரு தடவ திருப்பி வெச்சுக்கலாமா? எனக்கு பீச்சாங்கை."

அவரு சரின்னு சொல்றதுக்குள்ள திருப்பிட்டேன். கை தானா மடங்கி, முழங்கைக்குக் கீழ அந்த வெறும் மரத்துல போய் உக்காந்துச்சு. அளவெடுத்து வெட்டின மாதிரி. மூணாவது கேசட்டோட ரெண்டாவது பாட்டு இருக்குல்ல, அந்த ஆரம்ப லைன வாசிச்சேன். ஆம்ப் கூட மாட்டல, வெறும் கம்பிச் சத்தம்தான். அந்த ஆளு முகத்துல ரத்தம் இல்ல.

"யாரு பொண்ணு நீ?"

"பீச்சாங்கை பொண்ணு."

நான் சொல்லிட்டேன், இந்தத் தேய்மானத்த ஊரு பூரா போடப் போறேன், ஏலத்துக்கு ஒருத்தன் வர மாட்டான், நீங்களே வாசிச்சது யாருன்னு வீடியோல சொல்லிடுங்க மாஸ்டர்னு.

அவரு கத்துவாருன்னு நெனச்சேன். கத்தல. எழுந்து போய் ஒரு ஃபைல் எடுத்துட்டு வந்து ஒரு பேப்பர காட்டினாரு. "போடு கண்ணு. நீ போட்ட மறுநிமிஷம் நான் இத போடறேன். இடது கைக்காரன் எவன் வேணும்னாலும் எடுத்துத் தேச்சிருப்பான், ஓசியில பழகியிருப்பான். பெத்த மகன் எழுதிக் குடுத்தது பெருசா, பெயிண்ட் பெருசா?"

போட்டோ எடுக்க விட்டாரு. அவ்வளவு தைரியம் அவருக்கு. அதுல இருக்கிறத அப்படியே எழுதறேன்:

"இந்த பேஸ் கிட்டார் மாஸ்டருக்குச் சொந்தமானது. என் தந்தை இக்குழுவில் சாமான் தூக்கும் வேலை பார்த்தார். அவர் வாசித்ததில்லை."

கீழ உன் பேரு. உன் கையெழுத்து.

அண்ணா, அது போலின்னு சொல்லு. அவரு உன்ன மாதிரி எழுதிக்கிட்டாருன்னு சொல்லு. அம்மா கிட்ட இன்னும் காட்டல.

வாண்டு


மே 25

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

அந்தத் தாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அப்பா இறந்த சமயம். எனக்கு இருபது வயது. மாஸ்டர் ஏதோ ஒரு தாளை நீட்டினார், ட்ரூப் சம்பந்தப்பட்டது என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த நிலையில் யார்தான் படிப்பார்கள்? தவறுதான். ஆனால் முடிந்துபோனது.

இங்கு வெயில் அதிகம். இரும்புக் கைப்பிடியைக் கையுறை இல்லாமல் தொட முடிவதில்லை. அம்மாவை வெயிலில் நடக்க விடாதே.

அன்புடன்,
அண்ணா


ஜூன் 3

அண்ணா,

அம்மா நல்லா இருக்காங்க. நான் நல்லா இல்ல.

கையெழுத்து மட்டும் போட்டேன்னு எழுதியிருக்க. அந்த பேப்பர்ல மூணு வரியும் உன் எழுத்து. நீ அனுப்பின மூணு லெட்டரையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். உன் "ழ"வுக்கு வால் பின்னாடி சுழிச்சு அடுத்த எழுத்து மேல ஏறும். "தூக்கும்"ல "க்"குக்கு புள்ளிய வட்டமா போட்டிருக்க. முப்பத்தாறு வால்வு குறிச்சுக் குறிச்சும் அந்தப் பழக்கம் போகல.

நெட்ல பொய் சொல்றவன தினம் புடிக்கிறவ நான். என் கிட்டயே பேப்பர்ல சொல்றியா?

ஏலம் ஜூலை 28. என் கிட்ட இருக்கிற தேய்மானத்த அவரு உன் பேப்பர வெச்சு அடிச்சுடுவாரு. அத உடைக்க உலகத்துலயே ஒரு ஆளு எழுதினாத்தான் முடியும்.

எதுக்கு எழுதின? வேலைக்கா? வேலைக்குன்னா சொல்லித் தொலை, புரிஞ்சுக்கப் பாக்கறேன். பதில் வரலன்னா இனிமே லெட்டர் கிடையாது.

(இந்த இடத்துல சாப்டியான்னு கேக்கணும். கேக்கல.)


ஜூன் 29

வாண்டு,

நாலு தடவை எழுத்துத் தமிழில் ஆரம்பித்துக் கிழித்தேன். அதுல எழுதினா பொய் தானா வந்து உக்காருது. பேசற மாதிரியே எழுதறேன்.

வாசிச்சது அப்பாதான். அஞ்சு கேசட்லயும். ஒவ்வொரு பாட்டு பதியும்போதும் நான் அந்த ரூம்ல இருந்தேன். மாஸ்டருக்கு பேஸ்ல நாலு கம்பி இருக்குங்கறத தவிர ஒண்ணும் தெரியாது. இது சத்தியம்.

இப்ப நீ கேட்டது.

பன்னிரண்டு வயசுல இருந்து நான் ட்ரூப் கூட போனேன்ல, எதுக்குன்னு உனக்குத் தெரியாது. பேஸுக்கு மாட்டற ஆம்ப் பெட்டிய தூக்க. அப்பாவுக்கு முதுகு வலி. ரெண்டு மாடி, மூணு மாடி, எங்க ப்ரோக்ராமோ அங்க. தோள்ல இன்னும் தழும்பு இருக்கு. தூக்கினா ஒரு நாள் கத்துக் குடுப்பாருன்னு நெனச்சேன். பதினாலு வயசுல ஒரு நாள் ரிகர்சல்ல அப்பா டீ குடிக்க வெளிய போயிருந்தாரு. பேஸ எடுத்து மாட்டிக்கிட்டேன், எல்லாரும் மாட்டற மாதிரி. ரெண்டு நோட்டு வாசிச்சிருப்பேன். அப்பா வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "சோத்தாங்கைக்கு இதெல்லாம் வராதுடா. நீ சாமான் தூக்கத்தான் லாயக்கு." ட்ரூப் மொத்தமும் சிரிச்சுது. அப்பாவும்தான். அவர ஸ்பீக்கருக்குப் பின்னாடி நிக்க வெச்சவங்க எல்லாரும் அவர் கூட சேந்து என்னப் பாத்து சிரிச்சாங்க.

அன்னைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வந்தா உன்ன மடியில உக்கார வெச்சு உன் பீச்சாங்கைய கம்பி மேல வெச்சுக்கிட்டிருக்காரு. உனக்கு ஏழு வயசு.

அப்பா போன அடுத்த வாரம் மாஸ்டர் கூப்பிட்டாரு. "பேஸ் என்னுதுன்னு ஒரு வரி எழுதிக் குடு, நாளைக்கு உங்கம்மா வந்து நின்னா எனக்கு வம்பு. சகலை கிட்ட சொல்லி உனக்கு வேலை வாங்கித் தரேன்"னாரு. அவரு கேட்டது ஒரே ஒரு வரி. எழுதினேன். பேனா கையில இருந்துச்சு. ரெண்டாவது வரி, மூணாவது வரி அவரு கேக்கல. நானே எழுதினேன். சாமான் தூக்கற வேலையப் பாத்தது நான். அத அப்பா பேருல எழுதினேன்.

மாஸ்டர் படிச்சுட்டு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. மடிச்சு வெச்சுக்கிட்டாரு. படியில இறங்கறப்ப கால் லேசா இருந்துச்சு வாண்டு. பழி வாங்கியாச்சுன்னு இருந்துச்சு. அந்த லேசு ஒரு வாரம் கூட நிக்கல.

மாஸ்டர் அத இப்படி விப்பாருன்னு அப்ப எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேனான்னு கேட்டா, அன்னைக்கு எழுதியிருப்பேன்.

இத படிச்சதும் கிழிச்சுடு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணா


ஜூலை 22

அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு ரெண்டு நாளா லேசா ஜுரம், இப்ப இல்ல.

கிழிக்கல. ஸ்கேன் பண்ணேன்.

நேத்து காலையில குழுவுல போட்டுட்டேன். மொதல்ல தேய்மானம், அப்புறம் மூணாவது மாடியில போட்டோ எடுத்த உன் பழைய பேப்பர், அப்புறம் உன் லெட்டர், ரெண்டு பக்கமும், உன் எழுத்துலயே. "ழ"வுக்கு "ழ" வட்டம் போட்டுக் காட்டினேன். மாஸ்டரோட ஆயுதத்த அவருக்கு முன்னாடி நானே எடுத்துப் போட்டுட்டேன், அவருக்குப் போட ஒண்ணும் மிச்சமில்ல. மத்தியானத்துக்குள்ள வெளிய எங்கெங்கயோ போயிடுச்சு. எவனோ ஒருத்தன் மாஸ்டர் முழங்கால்ல கை மொளச்ச மாதிரி படம் வரைஞ்சிருக்கான், சூப்பரா இருக்கு. ஏலத்துக்கு பேரு குடுத்தவங்க ஒவ்வொருத்தரா வெளிய போறாங்க. மாஸ்டர் சேனல்ல கமெண்ட்ட மூடிட்டாரு.

உன்னையும் திட்டறாங்க. மாஸ்டர விட உன்னத்தான் ஜாஸ்தி. நான் யாரையும் தடுக்கல.

போடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் யோசிச்சேன். முதல் பக்கத்த மட்டும் போட்டிருந்தா போதும், வாசிச்சது அப்பான்னு அதுலயே இருக்கு. ரெண்டாவது பக்கம் தேவையே இல்ல. அதையும் போட்டேன். நீயும் ஒரு வரி கேட்டதுக்கு மூணு வரி எழுதினவன்தானே.

அம்மாவும் படிச்சுட்டாங்க. ரெண்டு தடவ. கண்ணாடியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, "அவரும் இப்படித்தான். ஒரு வார்த்தைய வருஷக்கணக்கா வெச்சிருந்து திருப்பிக் குடுப்பாரு. ரெண்டுமே அவரு பெத்ததுங்க"ன்னாங்க. உன்ன மட்டும் திட்டுவாங்கன்னு பாத்தேன். சோறு போட எழுந்து போயிட்டாங்க.

வாண்டு


ஆகஸ்ட் 10

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவின் ஜுரம் தணிந்தது அறிந்து ஆறுதல்.

நீ செய்தது சரியா தவறா என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. சரக்கு லாரி ஓட்டுநரின் வீட்டில் கூடப் படித்திருக்கிறார்கள். தபாலை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மாஸ்டரின் சகலை அலுவலகத்துக்குப் போன் செய்து பேசினாராம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் இங்கிருந்து கிளம்ப வேண்டும். போகும்போது கேட்டில் என் போனைத் திருப்பித் தருவார்கள். அதை எந்த முகத்தோடு திறப்பேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வரலாமா என்று அம்மாவைக் கேட்டு எழுது.

இன்னொன்று. அந்த பேஸ் நம் வீட்டுக்கு வந்துவிட்டால், ஒரே ஒரு முறை நான் அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா? வாசிக்க அல்ல.

அண்ணா


ஆகஸ்ட் 24

அண்ணாவுக்கு,

அம்மா நல்லா இருக்காங்க. வரச் சொல்றாங்க. உன் கட்டில்ல இருந்த துணி மூட்டையெல்லாம் எடுத்துட்டாங்க.

பேஸ் வந்துடுச்சு. மாஸ்டரே தூக்கிட்டு வந்தாரு, நான் வேலை செய்யற கடைக்கு. ஏலத்துல ஒருத்தன் கூட விலை கேக்கல. நான் ஒரு போனுக்கு சார்ஜிங் பின் மாத்திக்கிட்டிருந்தேன். "கண்ணு"ன்னாரு. "வேலையா இருக்கேன், உக்காருங்க"ன்னேன். உக்கார ஸ்டூல் இல்ல, அது எனக்குத் தெரியும். கஸ்டமர்ங்க நாலு பேரு இருந்தாங்க. நின்னாரு. மைய விட்டுட்டாரு போல, முடி பூரா வெள்ள. அந்தப் பின்ன நிதானமா சால்டர் பண்ணி, சார்ஜ் ஏறுதான்னு பாத்து, மூடி போட்டு, அப்புறம் நிமிந்தேன்.

ஒரு புது பேஸ் விக்கிற விலைக்குக் கீழ தரேன், அந்தப் போஸ்ட்ட எடுத்துடுன்னாரு.

"வாசிச்சது யாரு?"ன்னு கேட்டேன்.

"உங்கப்பா."

"கேக்கல மாஸ்டர்."

"உங்கப்பாதாம்மா வாசிச்சாரு. அஞ்சுலயும்." குரல் உடஞ்சிடுச்சு. போன்ல எடுத்துக்கிட்டேன். கஸ்டமர் ஒருத்தரு செருப்பப் பாத்துட்டு நின்னாரு. ஆறு வருஷமா நான் ஆசப்பட்ட நிமிஷம், அண்ணா. இனிப்பாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய்.

பணத்தக் குடுத்தேன், பேஸ வாங்கினேன், போஸ்ட்ட எடுத்துடறேன்னு சொல்லி அனுப்பினேன். எடுக்கல. அதோட இந்த வீடியோவையும் சேத்துப் போட்டேன்.

நீ கேட்டதுக்கு வரேன். நீ எழுதினத நான் நிறைய தடவ படிச்சேன். பதினாலு வயசுப் பையன் வாசல்ல அப்பா நிக்கறது தெரியாம ரெண்டு நோட்டு வாசிக்கறான்ல, அந்த இடம் வந்தா எனக்கு அழுகையா வருது. அப்பா பண்ணது அநியாயம். ஆனா மூணாவது வரி, "அவர் வாசித்ததில்லை." அதுக்கு வந்ததும் அழுகை நின்னுடுது.

செப்டம்பர் 14 சனிக்கிழமை எனக்கு மொத மேடை. அந்தப் போஸ்ட்ட பாத்துட்டு ஒரு பேண்ட்ல கூப்பிட்டாங்க. ரெண்டாவது மாடி ஹால், லிஃப்ட் இல்ல. ஆம்ப் முப்பத்திரண்டு கிலோ. ஆள் பாத்து வெச்சுட்டேன்னு அவங்க கிட்ட சொல்லிட்டேன்.

நாலு மணிக்கு வாசல்ல ரெடியா நில்லு. ஆம்ப நீ தூக்கு. பேஸ நானே எடுத்துக்கறேன். அத நீ தொடக் கூடாது.

பயணம் பத்திரம். உடம்பப் பாத்துக்கோ, முக்கியமா முதுக.

வாண்டு